முதலில் காகிதம், பிறகுதான் கோர்ட்

வேலை நீக்கத்தை எதிர்த்து வழக்குத் தொடர்பவர்களுக்குக் கர்நாடகத் தீர்ப்புகள் சொல்லும் பாடங்கள்

கர்நாடகத்தில் இரண்டு தொழிலாளர்கள். ஒருவர் வனத்துறையில் வேலை பார்த்தவர், மற்றவர் நீர்ப்பாசனத் திட்டம் ஒன்றில் தினக்கூலியாக இருந்தவர். ஓராண்டில் 240 நாட்களுக்கு மேல் வேலை செய்திருந்தும் நோட்டீஸோ நஷ்டஈடோ இல்லாமல் நீக்கப்பட்டோம் என்பதுதான் இருவரின் புகாரும். இரண்டு வழக்குகளும் லேபர் கோர்ட்டில் தொடங்கி சுப்ரீம் கோர்ட் வரை போயின. 2002-ல் முதலாமவர் தோற்றார். 2005-ல் இரண்டாமவர் ஜெயித்தார்.

வித்தியாசம் சட்டத்தில் இல்லை. முதல் வழக்கில் (வனச்சரக அதிகாரி எதிர் எஸ்.டி. ஹடிமானி) தொழிலாளியின் கையில் இருந்தது அவரே சத்தியம் செய்து கொடுத்த பிரமாண வாக்குமூலம் மட்டும். சம்பளம் வாங்கியதற்கு ரசீது இல்லை, நியமன ஆணை இல்லை. ‘தனக்குச் சாதகமாகத் தானே சொல்லிக்கொள்வது போதுமான சாட்சியம் ஆகாது’ என்ற ரீதியில் கோர்ட் முடிவு செய்தது. இரண்டாவது வழக்கில் (ஆர்.எம். எல்லட்டி) தொழிலாளியிடம் ஒரு சான்றிதழ் இருந்தது. அவர் எத்தனை நாள் வேலை பார்த்தார் என்று உதவிச் செயற்பொறியாளர் எழுதிக் கொடுத்த காகிதம். நிர்வாகமோ தன்னிடமிருந்த மஸ்டர் ரோல்களை முழுமையாகத் தாக்கல் செய்யவில்லை. அந்த ஒரு காகிதம் அவரைக் காப்பாற்றியது.

வேலை போனவர் முதலில் தேடுவது நல்ல வக்கீலை. தேட வேண்டியதுதான். ஆனால் அந்த வக்கீல் முதலில் கேட்கப்போவது இந்தக் காகிதங்களைத்தான். வழக்கின் பாதி, கோர்ட் வாசலை மிதிப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

சேர்த்து வைக்க வேண்டியவை

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை, பிராவிடண்ட் ஃபண்ட் கணக்கு விவரம், சம்பளம் வந்த பாங்க் கணக்கின் பதிவுகள், வேலைத் திறன் மதிப்பீட்டுக் கடிதங்கள், மெமோக்கள், அவற்றுக்குக் கொடுத்த பதில்கள். இவை அனைத்தின் நகலும் வீட்டில் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டே தராத கம்பெனிகளில் பி.எஃப். கணக்கு பெரிய துணை. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்த நிறுவனத்தின் பெயரில் பணம் கட்டப்பட்டது என்பது அதில் இருக்கும்.

சாஃப்ட்வேர் கம்பெனிகளில் வேலை நீக்கத்தைச் சொல்லும் அதே நேரத்தில் ஈமெயிலும் முடக்கப்படுகிறது. அதன் பிறகு நியமனக் கடிதத்தைக்கூட எடுக்க முடியாது. ஆகவே தனக்கு என்று வந்த கடிதங்களை அவ்வப்போது தனியே எடுத்து வைப்பது நல்லது. ஆனால் வாடிக்கையாளர் விவரம், புரோகிராம், கம்பெனியின் ரகசிய ஆவணம் ஆகியவற்றைத் தொடக்கூடாது. நியாயமான வழக்கு வைத்திருப்பவரை, ‘ரகசியத்தைத் திருடியவர்’ என்று நிர்வாகம் திருப்பி அடிக்க அதுவே வழி செய்துவிடும்.

செல்போனில் வந்த தகவல்களும் சாட்சியம்தான். அவற்றை அழிக்காமல், அந்த செல்போனையே பத்திரப்படுத்த வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சாட்சியச் சட்டம், இத்தகைய மின்னணுப் பதிவுகளுடன் ஒரு சான்றும் இணைக்கப்பட வேண்டும் என்கிறது. தொழிலாளர் வழக்குகளில் சாட்சியச் சட்டம் இம்மி பிசகாமல் பின்பற்றப்படுவதில்லை என்றாலும், சான்றை இணைத்துவிடுவது வீண் விவாதத்தைத் தவிர்க்கும்.

கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இன்னொரு சிக்கல்: முதலாளி யார்? கான்ட்ராக்டர் ‘நான் இல்லை’ என்பார், கம்பெனியும் அதையே சொல்லும். இருவரையும் எதிர்த் தரப்பாகச் சேர்ப்பதே பாதுகாப்பு. ஷிஃப்ட் போட்டது யார், லீவு கொடுத்தது யார், கேட் பாஸில் கையெழுத்திட்டது யார் என்பதற்கான தடயங்கள் இங்கே முக்கியம்.

கையெழுத்து என்னும் கண்ணி

பல வழக்குகளில் டிஸ்மிஸ் ஆர்டரே இருக்காது. ‘ராஜினாமா எழுதிக் கொடுங்கள், அனுபவச் சான்றிதழில் குறை எதுவும் எழுத மாட்டோம்’ என்று பர்சனல் அதிகாரி சொல்வார். கையெழுத்துப் போட்டுவிட்டால், அது கட்டாயத்தின் பேரில் எழுதியது என்று நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் விழுகிறது. யோசிக்க ஒரு நாள் அவகாசம் கேட்கலாம். கேட்டதை எழுத்தில் கேட்பது இன்னும் நல்லது. மிரட்டி வாங்கிவிட்டார்கள் என்றால், அன்றே அல்லது மறுநாளே பதிவுத் தபாலிலும் ஈமெயிலிலும் ‘என் விருப்பத்துக்கு மாறாகப் பெறப்பட்டது, வாபஸ் பெறுகிறேன்’ என்று எழுதி அனுப்ப வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. கன்னடம் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. இங்கிலீஷ் ஓரளவுதான். நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமல் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் இருக்கிறார்கள். புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். வெறும் ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கான கையெழுத்து என்றால், அந்த வார்த்தையையும் தேதியையும் தன் கையாலேயே எழுதிப் போட வேண்டும்.

கணக்கு முடிக்கும் பணத்தை வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கும் ராஜினாமா செய்தவருக்கும் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். அது தொழிலாளியின் சொந்தப் பணம், வாங்குவதில் தவறில்லை. ஆனால் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்திடுவது வேறு விஷயம். ‘ஆட்சேபணையுடன் பெறுகிறேன், என் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று எழுதி வாங்க வேண்டும். அதற்கு நிர்வாகம் இடம் தராவிட்டால், அன்றே தனிக் கடிதத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

கோலாரில் நடந்த விசாரணை

குற்றச்சாட்டுக் கூறி நீக்குவதென்றால், முதலில் உள்விசாரணை நடத்த வேண்டும். ‘எப்படியும் டிஸ்மிஸ் செய்யப்போகிறார்கள், போய் என்ன பயன்’ என்று விசாரணைக்குப் போகாமல் இருப்பது பெரிய தவறு. ஆள் இல்லாமலே விசாரணை முடிந்துவிடும். எல்லாக் குற்றச்சாட்டும் நிரூபணமானதாக எழுதப்பட்டுவிடும். போக முடியாத உண்மையான காரணம் இருந்தால், அதை ஒவ்வொரு முறையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இதன் அருமையைக் காட்டும் வழக்கு, பெங்களூரிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் கோலார் தங்க வயலில் நடந்தது. பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த எம். பால் அந்தோணியின் வீட்டில் 1985 ஜூன் 2 அன்று போலீஸ் சோதனை நடந்தது. 4.5 கிராம் தங்க உருண்டையும், தங்கம் கலந்த மணல் 1,276 கிராமும் கிடைத்ததாகக் குற்றச்சாட்டு. அவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். சஸ்பென்ஷன் காலத்துக்கான பிழைப்பூதியம் தரப்படவில்லை. கேரளத்தில் இருந்த அவருக்கு, கோலாருக்கு வந்து போகப் பணமும் இல்லை, உடல்நிலையும் சரியில்லை. அவர் இல்லாமலே விசாரணை முடிந்து, 1986 ஜூனில் வேலை பறிபோனது. 1987 பிப்ரவரியில் கிரிமினல் கோர்ட் அவரை விடுதலை செய்தது. அதன் பிறகும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

கர்நாடக ஹைகோர்ட்டில் ஒரு நீதிபதி அவருக்குச் சாதகமாகவும், டிவிஷன் பெஞ்ச் பாதகமாகவும் தீர்ப்பளித்த பிறகு, 1999 மார்ச் 30 அன்று சுப்ரீம் கோர்ட் அவருக்கு வேலையையும் சம்பளப் பாக்கியையும் திருப்பிக் கொடுத்தது. பிழைப்பூதியம் தராமல், வர முடியாதவரை வைத்து நடத்திய விசாரணை செல்லாது என்றது. அவர் அதிகாரி என்பதால் லேபர் கோர்ட் வழியில் அல்ல, ரிட் மனு வழியில் போனார். ஆனால் அந்தத் தீர்ப்பு எல்லோருக்கும் பயன்படுகிறது. சஸ்பெண்ட் செய்யப்பட்டவர் முதல் மாதமே பிழைப்பூதியத்தை எழுதிக் கேட்க வேண்டும். புதிய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும், நிலையாணைகள் பொருந்தும் நிறுவனங்களில் முதல் 90 நாட்களுக்குப் பாதிச் சம்பளமும், தொழிலாளியின் தவறில்லாமல் விசாரணை அதற்கு மேல் நீண்டால் 75 சதவீதமும் தரச் சொல்கிறது.

விசாரணையில் கேட்க வேண்டியவை எளிமையானவை: குற்றச்சாட்டுப் பட்டியல், அதற்கு ஆதாரமான ஆவணங்களின் நகல், சாட்சிகள் பட்டியல், உதவிக்கு ஒரு சக தொழிலாளி, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு, புரிகிற மொழியில் நடவடிக்கைகள். மறுத்தால், மறுத்தது பதிவேட்டில் ஏற வேண்டும். பின்னாளில் விசாரணையை உடைக்க உதவுவது இந்தப் பதிவுகள்தான்.

எது தொழில், யார் தொழிலாளி?

வழக்கு கோர்ட்டுக்குப் போனதும் நிர்வாகம் முதலில் எழுப்பும் ஆட்சேபம், நீக்கம் நியாயமா என்பதைப் பற்றியதாக இருக்காது. ‘இது தொழிலே அல்ல’ அல்லது ‘இவர் தொழிலாளியே அல்ல’ என்பதுதான்.

முதல் கேள்விக்கு நாடு முழுவதற்கும் விடை வாங்கிக் கொடுத்தது பெங்களூர் வழக்குதான். பெங்களூர் குடிநீர் வடிகால் வாரியம் சில ஊழியர்களுக்கு அபராதம் போட்டுப் பணத்தைப் பிடித்துக்கொண்டது. ஊழியர்கள் 1972-ல் லேபர் கோர்ட்டுக்குப் போனார்கள். குடிமக்களுக்குச் சேவை செய்யும் அமைப்பு ‘தொழில்’ ஆகாது என்றது வாரியம். 1978 பிப்ரவரி 21 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரின் பிரதான தீர்ப்புடன், பெரும்பான்மையாக அந்த வாதத்தைத் தள்ளியது. முறையான செயல்பாடு, முதலாளி - தொழிலாளி ஒத்துழைப்பு, மனிதத் தேவைக்கான பொருள் அல்லது சேவை ஆகிய மூன்றும் இருந்தால் அது தொழில், லாப நோக்கம் அவசியமில்லை என்றது. அபராதப் பணத்துக்காகத் தொடங்கிய ராஜப்பா வழக்கு, ஆஸ்பத்திரி, கல்வி நிறுவன ஊழியர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. இந்தத் தீர்ப்பை மறுபரிசீலிக்கும் கேள்வி 2017-ல் ஒன்பது நீதிபதிகள் பெஞ்சுக்கு அனுப்பப்பட்டது. புதிய சட்டத்தொகுப்போ தர்ம ஸ்தாபனங்களையும், அரசின் இறையாண்மைப் பணிகளையும், வீட்டு வேலையையும் ‘தொழில்’ என்பதிலிருந்து விலக்கிவிட்டது. இத்தகைய இடங்களில் வேலை பார்த்தவர் முதலிலேயே ஆலோசனை பெறுவது நல்லது.

இரண்டாவது கேள்வியில் ஏமாற்றுவது பதவிப் பெயர். மேனேஜர், லீட், கன்சல்டண்ட் என்று விசிட்டிங் கார்டில் இருந்தால் மட்டும் ஒருவர் நிர்வாகி ஆகிவிடுவதில்லை. யாருக்கு லீவு கொடுத்தார், யாரைத் தண்டித்தார், யாரை வேலைக்கு எடுத்தார் என்பதையே கோர்ட் பார்க்கிறது. சென்னையில் 2015-ல் டி.சி.எஸ். நிறுவனம் நீக்கிய ஒரு பொறியாளரை மீண்டும் வேலையில் சேர்த்து, முழுச் சம்பளமும் தரும்படி 2022-ல் லேபர் கோர்ட் உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். வெறும் மேற்பார்வையாளர் என்றால் சம்பள வரம்பு உண்டு: பழைய சட்டத்தில் மாதம் 10,000 ரூபாய், புதியதில் 18,000. ஆகவே மனுவில் பதவிப் பெயரை மட்டும் எழுதாமல், காலையில் வந்தது முதல் மாலை வரை செய்த வேலையை வரி வரியாக எழுத வேண்டும்.

பெங்களூர் சாஃப்ட்வேர் ஊழியர்களிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. 2014 முதல் கர்நாடக அரசு இந்தத் துறைக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்ததால், தங்களுக்குத் தொழிலாளர் சட்டமே கிடையாது என்று நினைக்கிறார்கள். அந்த விலக்கு நிலையாணைகளுக்கு மட்டும்தான். வேலை நீக்கத்தை எதிர்த்துத் தகராறு எழுப்பும் உரிமை அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

எங்கே போவது, எத்தனை நாளுக்குள்?

நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. முதல் படி சமரச அதிகாரி. தனியார் தொழிற்சாலை, கடை, சாஃப்ட்வேர் கம்பெனி போன்றவற்றுக்கு மாநிலத் தொழிலாளர் துறை. பெங்களூரில் அதன் தலைமையிடம் பன்னேர்கட்டா சாலையில் உள்ள கார்மிக பவன். பாங்க், இன்ஷூரன்ஸ், ரயில்வே, ஹெச்.ஏ.எல்., பி.இ.எல். போன்ற மத்திய நிறுவனங்கள் என்றால் மத்தியத் தொழிலாளர் ஆணையரின் அமைப்பு. மத்திய அரசின் தொழில் தீர்ப்பாயம் யஷ்வந்த்பூரை அடுத்த கொரகுண்டேபாளையாவில், ஷ்ரம் சதனில் இருக்கிறது. தவறான அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் மாதங்கள் வீணாகும்.

1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. லேபர் கோர்ட்டுக்குப் பதிலாக இரு உறுப்பினர் தீர்ப்பாயம் என்பது அதன் ஏற்பாடு. அவை அமையும் வரை பழைய கோர்ட்டுகளே வேலையைத் தொடரும்படி 2025 டிசம்பரில் மத்திய அரசு ஆணையிட்டது. சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து 45 நாளாகியும் தீர்வில்லை என்றால், நீக்கப்பட்டவர் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நீக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போய்விட வேண்டும். பழைய மத்தியச் சட்டத்தில் இது மூன்று ஆண்டு. 1988-ல் கர்நாடகம் செய்த திருத்தத்தின் வழியாக நேரே லேபர் கோர்ட்டுக்குப் போக ஆறு மாதம். இந்த வேறுபாடுகளுக்குள் சிக்காமல் இருக்க எளிய வழி, ஆர்டர் கையில் வந்த மாதமே சமரச மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைப்பது.

சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடமில்லை. தொழிலாளியோ, சங்கப் பிரதிநிதியோதான் பேச வேண்டும். அதை வெறும் சடங்கு என்று நினைக்கக்கூடாது. ஏற்கத்தக்க தொகையோ, மறு நியமனமோ இங்கேயே கிடைத்தால் பல ஆண்டுகள் மிச்சம். ஒப்பந்தம் என்றால் எழுத்தில், அதிகாரி முன்னிலையில், தேதியும் தொகையும் குறிப்பிட்டு இருக்க வேண்டும். ‘நாங்கள் நீக்கவே இல்லை, நாளைக்கே வேலைக்கு வரட்டும்’ என்று நிர்வாகம் சொன்னால், கோபத்தில் மறுக்கக்கூடாது. மறுநாள் போக வேண்டும். வாசலில் தடுத்தால், தடுத்ததை அன்றே அதிகாரிக்கு எழுத வேண்டும்.

கோர்ட்டில்

தீர்ப்பாயத்திலும் எதிர்த் தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் இருந்தால்தான் வக்கீல் ஆஜராக முடியும். நடைமுறையில் இரு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்கின்றன. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவர் அறிய வேண்டிய ஒன்று: 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், தொழிலாளி என்ற ஒரே தகுதியிலேயே இலவசச் சட்ட உதவிக்கு உரிமை தருகிறது. பெண்களுக்கும் அப்படியே. கர்நாடக மாநில ஆணையம் பெங்களூர் ஹெச். சித்தையா சாலையில் நியாய தேகுலா கட்டடத்தில் செயல்படுகிறது.

மனுவில் இரண்டு விஷயங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்று, நீக்கத்துக்குப் பிறகு வேறு வேலை இல்லை என்ற வாசகம். சட்டவிரோதமாக நீக்கப்பட்டவருக்குப் பழைய சம்பளம் முழுவதும் தருவதே சாதாரண விதி என்று 2013-ல் தீபாலி குண்டு சுர்வசே வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனால் தனக்கு வருமானம் இல்லை என்று தொழிலாளி முதலில் சொல்ல வேண்டும், அதன் பிறகே அதைப் பொய்யென நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துக்கு. இடையில் ஆட்டோ ஓட்டியிருந்தாலோ, சிறு வேலை பார்த்திருந்தாலோ மறைக்கக்கூடாது. ஒரு பொய் அகப்பட்டால், சொன்ன நூறு உண்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இரண்டாவது, நிர்வாகத்திடம் இருக்கும் ஆவணங்களைத் தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரும் மனு. மஸ்டர் ரோலும் சம்பளப் பதிவேடும் நிர்வாகத்தின் பீரோவில் இருக்கும். கேட்காமல் அவை வெளியே வராது. கேட்டும் தராவிட்டால், அதை வைத்துத் தொழிலாளிக்குச் சாதகமாக முடிவெடுக்க வழி பிறக்கும்.

தவறே செய்திருந்தாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியதாக இருந்தால் குறைக்கும் அதிகாரத்தை 1971-ம் ஆண்டுத் திருத்தம் தொழிலாளர் கோர்ட்டுகளுக்குக் கொடுத்தது. புதிய சட்டத்தொகுப்பிலும் அது தொடர்கிறது. பல வருடக் களங்கமற்ற சர்வீஸ், முதல் குற்றம், அதே தவறுக்கு மற்றவருக்குக் கிடைத்த சிறிய தண்டனை ஆகியவற்றை மனுவிலேயே எழுதி வைக்க வேண்டும்.

வாய்தாக்களைத் தவறவிடக்கூடாது. தொழிலாளி வராவிட்டால் அவர் இல்லாமலே வழக்கு முடிக்கப்படலாம். வேலை போனதும் ஊருக்குத் திரும்பும் பெங்களூர்த் தமிழர்கள் பலர் இப்படித்தான் வழக்கை இழக்கிறார்கள். தருமபுரிக்கோ திருப்பத்தூருக்கோ போனாலும், புதிய முகவரியைக் கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சாட்சிக் கூண்டில் ஏறும் நாளில் ஆள் நேரில் இருந்தே ஆக வேண்டும்.

ஜெயித்தாலும் நிர்வாகம் ஹைகோர்ட்டுக்குப் போகக்கூடும். குடிநீர் வாரிய ஊழியர்களுக்கு ஆறு ஆண்டு ஆனது, டி.சி.எஸ். பொறியாளருக்கு ஏழு, கோலார் அதிகாரிக்கு வேலை போன நாளிலிருந்து பன்னிரண்டுக்கும் மேல். குடும்பச் செலவுக்கு வேறு வழி தேடிக்கொண்டே வழக்கை நடத்த வேண்டியிருக்கும் என்பதை வீட்டில் முதலிலேயே பேசிவிட வேண்டும். இடையில் நியாயமான சமரசத் தொகை வந்தால், வழக்கு நீடிக்கக்கூடிய வருடங்களையும் வீட்டு நிலைமையையும் எடைபோட்டு முடிவு செய்யலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த முடிவானாலும், அதை எடுக்கும் பலம் கையில் இருக்கும் ஆதாரத்தைப் பொறுத்தது. வேலை இன்னும் பத்திரமாக இருக்கும் இன்றைக்கே அந்த ஃபைலைத் தொடங்கிவிடலாம்.